நின்றுவிட்டது என்று சொன்னவன்

அம்பத்தூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் தீயணைப்புக் கொட்டகையில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. ‘தொட்டுப்பார்.’ முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். என் காது மந்தமாக ஆக, முகத்துக்கு நேரேயே சொல்ல ஆரம்பித்தார்கள். பம்பு நின்றுவிட்டதா என்று யாராவது கேட்டால் இருந்த இடத்திலிருந்து பதில் சொல்ல மாட்டேன். எழுந்து நடந்து போய் அதன் மேல் உள்ளங்கையை வைப்பேன். துடிப்பு அடங்கியிருந்தால் தலையை மட்டும் அசைப்பேன். வாயால் சொன்னதில்லை. ஒரே ஒரு சொல்லைத் தவிர்த்துக்கொண்டு ஒரு மனிதன் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட முடியும். நான் பார்த்திருக்கிறேன்.

காது போய்விட்டதென்று ஐம்பது வயதிலேயே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். வழியனுப்பு நாளன்று, புதிதாக வந்திருந்த நுரை வண்டிக்கு ஒரு மாலை, எனக்கு ஒரு மாலை. வண்டியின் முகப்பில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு. எஞ்சின் ஓடினால் எரியும், நின்றால் அணையும்.

“இனிமே எவனும் தொட்டுப் பாக்க வேணாம் அண்ணாத்தே. லைட்டே சொல்லிடும்” என்று என் காதருகே கத்தினான் டிரைவர் கஜா.

“பல்பு அவிஞ்சு பூட்டுச்சுன்னா?”

“அதுக்குத்தான் நீ கீறியே. ஊட்டாண்ட வந்து சைக்கிள்ல குந்த வெச்சு இட்டாறேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் கஜா கேட்டான்: “மெய்யாலுமே சொல்லு அண்ணாத்தே. இன்னாத்துக்கு எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாக்குற?”

அன்றைக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு மாமா உயிரோடு இருந்தார்.

*

யுத்தம் நடந்த வருஷங்களில், பருத்திப்பட்டு ஏரிக்கு மேற்கே வெள்ளைக்காரர்கள் ஓர் ஓடுதளம் போட்டார்கள். எங்கள் வேர்க்கடலைக் கொல்லை அதற்கடியில் போயிற்று. நிலம் போனவர்களுக்கு வேலை என்று தண்டோரா போட்டார்கள். அக்கா பச்சையம்மாளின் புருஷன் முனுசாமி முதலில் ஓடுதளத்துத் தீயணைப்புப் படையில் சேர்ந்தார். பூந்தமல்லிக்காரர். வேலைக்காக எங்கள் வீட்டிலேயே வந்து தங்கியிருந்தார். பின்னால் என்னையும் இழுத்துப் போட்டார். பயிற்சி என்பது ஓடு, உருளு, குழாயை விரி, குழாயைச் சுருட்டு. மூன்று மாதம். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது பெரைராவைப் பற்றி. பெரம்பூர்க்காரர், ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரர், சார்ஜன்ட். எங்கள் விபத்து வண்டிக்குத் தலைவர். காலையில் வந்ததும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி நாலு டயரையும் பூட்ஸ் முனையால் உதைத்துப் பார்ப்பார். வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மிண்ட். கழுத்தில் எப்போதும் ஓர் ஈரத்துண்டு. அவர் கத்தி நான் கேட்டதில்லை. ஆபத்து பெருகப் பெருக அவர் குரல் தாழும். கிசுகிசுவென்று ஆகிவிட்டால் நாங்கள் குழாயைக் கையில் எடுத்துவிடுவோம். அடிவானத்தில் ஒரு விமானம் கோணலாகத் தெரியும்போது எங்கள் நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, அந்தச் சத்தத்தைக்கூட அவர் கேட்டுவிடுவார் போல, “மூச்சு வுடு மேன்” என்பார் மெல்ல.

அவர் எங்களுக்கு வைத்த சட்டம் ஒன்று உண்டு. விமானத்தின் மூக்கில் சுற்றும் விசிறியை நாங்கள் காத்தாடி என்போம். விழுந்த விமானத்தை நோக்கி வண்டி பாயும். இறக்கை நுனிக்கு எட்டாத தூரத்தில் நிற்கும். ஆனால் ஒருவன் கால்கூடத் தரையில் படக்கூடாது. பெரைரா கேட்பார்: “காத்தாடி நின்னுதா?” பார்ப்பவன் என்று ஓர் ஆள். அவன் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்: “நின்னுச்சு சார்.” அந்தச் சொல் விழுந்த பிறகுதான் அறுப்பவன் குதிப்பான். வால் பக்கமாகப் போய், உடம்பை ஒட்டி நடந்து, இறக்கை மேல் ஏறி, பைலட்டைக் கட்டியிருக்கும் வார்களைக் கத்தியால் அறுத்து வெளியே இழுப்பான். வால் பக்கம் ஏனென்றால், நின்ற காத்தாடியும் சில சமயம் ஒரு உதறு உதறும்.

“வேற ஊர்ல நான் பாத்தேன் மேன்” என்று ஒருநாள் சொன்னார். “சுத்துற காத்தாடிக்குள்ள ஒருத்தன் நடந்தே போனான். தொப்பி மட்டும் முழுசா கெடைச்சுது.”

அறுப்பவர் முனுசாமி மாமா. பார்ப்பவன் நான்.

ஆபத்து இல்லாத நாளிலும் காலையில் பத்துத் தடவை, மாலையில் பத்துத் தடவை இந்தக் கேள்வியும் பதிலும். அது எங்கள் வாயில் வெற்றிலைக் காவிபோல ஏறிவிட்டது. அக்கா மாவாட்டுவாள். ஆட்டுக்கல் ஓய்ந்ததும் மாமா பெரைராவின் குரலில் கேட்பார்: “காத்தாடி நின்னுதா?” சோற்றை அடைத்த வாயோடு நான் கத்துவேன்: “நின்னுச்சு சார்!”

“ரெண்டு பேருக்கும் வேற பொழப்பே இல்லியா?” என்று அக்கா மாவுக் கையை உதறுவாள். “சுத்துறது நானு. நின்னுச்சா இல்லியான்னு என்னையக் கேளு மாமே.”

*

சுதந்திரத்துக்கு முந்தைய கோடை. துறைமுகத்திலிருந்து லாரிகளில் மரப்பெட்டிகள் வந்தன. பிரித்துப் பூட்டினார்கள். கப்பற்படை விமானம், இந்த ஊர் வெயிலைத் தாங்குமா என்று ஓட்டிப் பார்க்கக் கொண்டுவந்திருந்தார்கள். குட்டையாக, கொழுத்த உடம்பு. உடம்பு பாதியில் நின்றுபோக, இறக்கைகளிலிருந்து பின்னால் நீளும் இரண்டு வால்கள். கப்பலின் மேல்தளத்தில் கயிற்றைப் பிடித்து நிற்பதற்கு அடியில் ஒரு கொக்கி. முன்னால் ஒன்றுமே இல்லை. காத்தாடி இல்லை.

“இன்னா மச்சான் இது, மூஞ்சில மூக்கக் காணோம்” என்றார் மாமா. “எத்த வெச்சு மூச்சு வுடும்?”

முதல் நாள் அதை உயிர்ப்பித்தபோது எனக்குப் பல் கூசியது. இரும்பை இரும்பால் இழைக்கிற சத்தம், ஏறிக்கொண்டே போய் ஒரு விசிலாக நின்றது. ஏரியிலிருந்த நாரைகள் எல்லாம் ஒரே வெள்ளையாக எழும்பிப் போய்விட்டன. அன்று முழுக்க ஊரெல்லாம் அணைந்த சிம்னி விளக்கின் வாசனை. அது குடித்தது மண்ணெண்ணெய்.

கப்பற்படை அதிகாரி ஒருவர் எங்கள் கொட்டகைத் தரையில் சாக்பீஸால் அதை வரைந்தார். முன்னால் ஒரு பெருக்கல் குறி. பின்னால் ஒரு பெருக்கல் குறி. பெரைரா சொல்லச் சொல்ல நாங்கள் குனிந்து பார்த்தோம்.

“எஞ்சின் முதுகுக்குள்ள கீது. எறக்கை ஓரத்து வாயால காத்தை உறிஞ்சும், கிட்ட போனா உன்னையும் உறிஞ்சும். பின்னாடி போனா எரிச்சிடும். நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. பக்கவாட்டுல எறக்கை நுனியிலேர்ந்து மட்டும் போகணும். காத்தாடி இல்லை, அதனால கண்ணை நம்பாதே. காதை நம்பு.” பிறகு கொஞ்சம் யோசித்தார். “இனிமே நான் கேக்கறது வேற. ‘விசில் நின்னுதா?’”

“பதிலு அதேதானா சார்?” என்றார் மாமா.

“அதேதான் மேன்.”

இரண்டு நாள் பழகினோம். விசில் நின்னுதா? நின்னுச்சு சார். விசில் நின்னுதா? நின்னுச்சு சார். மூன்றாம் நாள் அது விழுந்தது.

*

பகல் பன்னிரண்டு தாண்டியிருக்கும். கத்திரி வெயில். ஓடுதளம் முழுக்கக் கானல் நீர். தார் கொதித்து நெளிந்தது, வேலி நெளிந்தது, தூரத்துப் பனைமரங்கள் நெளிந்தன. எல்லாமே நடுங்கும் வேளை அது. பூந்தமல்லிப் பக்கமிருந்து அது வந்தது. தாழ்வாக, வேகமாக. ஒரு சக்கரம் முழுதாக இறங்கவில்லை. அதை நான்தான் முதலில் பார்த்தேன். நொண்டிக் கால்போல மடங்கித் தொங்கியது. சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அது தளத்துக்கு மேலே வந்துவிட்டது.

தரையைத் தொட்டதும் அந்தக் கால் முறிந்தது. இறக்கை தாரில் உராய்ந்தது. கொக்கி விழுந்து பொறியாகக் கோடு இழுத்துக்கொண்டே வந்தது. ஒரு சுற்றுச் சுற்றி, தளத்தை விட்டுத் துள்ளி, ஏரிக்கரை மண்ணில் வந்த திசையைப் பார்த்து உட்கார்ந்தது.

மணி அடித்தது. வண்டி பாய்ந்தது. பெரைராவின் பெப்பர்மிண்ட் பல்லில் நொறுங்கியது எனக்குக் கேட்டது. நின்றோம். புழுதி. எங்கள் பம்பின் இரைச்சல். மணியை நிறுத்த மறந்துவிட்டார்கள், அது அடித்துக்கொண்டே இருந்தது. விமானத்தின் வயிற்றிலிருந்து மண்ணெண்ணெய் ஒழுகி மண்ணைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தது. உடைந்த கண்ணாடிக்குள் பைலட்டின் தலை முன்னால் சாய்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, மெல்லிதாக ஒரு சீறல். விழுந்த விமானங்களில் ஆக்ஸிஜன் குப்பி கசிந்தால் அப்படித்தான் சீறும். பலமுறை கேட்டிருக்கிறேன். குப்பிதான் என்று என் காது முடிவு கட்டிவிட்டது. பயந்த மனம் தெரிந்த சத்தத்தைத்தான் கேட்கும்.

பெரைராவின் குரல் கிசுகிசுவுக்கும் கீழே போயிருந்தது.

“காத்தாடி நின்னுதா?”

பழைய கேள்வி. பல வருஷமாகக் கேட்ட கேள்வி. அந்த விமானத்துக்குக் காத்தாடியே கிடையாது. அது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நான் அதன் மூக்கைப் பார்த்தேன். அங்கே எதுவும் சுற்றவில்லை.

“நின்னுச்சு சார்!”

மாமா குதித்தார். கல்நார் முகமூடியை மாட்டியிருந்தார். கையுறைகளை மட்டும் இடுப்பில் செருகியிருந்தார். வாரின் கொக்கியை விரல் தேட வேண்டும், உறையோடு தேட முடியாது. கையில் கத்தி. அவர் கால்கள் பழைய வழியில் போயின. வால் பக்கம். இரண்டு வால்களுக்கும் நடுவே.

அங்கே நெருப்பு இல்லை, புகை இல்லை. காற்று நெளிந்தது. ஆனால் அந்த மத்தியானத்தில் எந்தக் காற்றுதான் நெளியவில்லை? மாமாவின் இரண்டு கைகளும் முகத்துக்கு முன்னால் உயர்ந்தன. யாரோ அழைத்ததற்கு வேண்டாம் என்பதுபோல. அப்புறம் அவரைக் காற்று தூக்கி எறிந்தது. சட்டைக் கைகள் இல்லை. கத்தி இல்லை. தீயே இல்லாத இடத்தில் ஒரு மனிதன் எரிந்ததைப் பார்த்தேன்.

குழாய்க்காரர்கள் நுரையைத் திருப்பிவிட்டார்கள். இரண்டு பேர் ஓடி மாமாவின் கால்களைப் பிடித்து இழுத்தார்கள். நான் வண்டியின் படியில் நின்றேன். என் வேலை பார்ப்பது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

பெரைரா வண்டியிலிருந்து இறங்கினார். இறக்கை நுனியிலிருந்து குனிந்து, மண்ணில் ஊர்வதுபோலப் போனார். இறக்கையின் ஓரத்து வாயைக் கடக்கும்போது அவர் கழுத்திலிருந்த ஈரத்துண்டு எழும்பியது. ஒரு கணம் நேராக நீட்டி நின்றது. அடுத்த கணம் இல்லை. உள்ளே ஏதோ ஒரு கமறல். அவர் வயிற்றை இறக்கையில் அழுத்திப் படுத்து, கையை உடைந்த கண்ணாடிக்குள் விட்டு, எதையோ இழுத்தார்.

விசில் இறங்கத் தொடங்கியது. நான் குப்பி என்று நினைத்த அந்தச் சீறல் ஓலமாயிற்று. ஓலம் முனகலாயிற்று. அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் புரிந்தது, இவ்வளவு நேரமும் அது ஓடிக்கொண்டிருந்தது.

தன் பேனாக்கத்தியால் வார்களை அறுத்து பைலட்டை அவரே இழுத்துப் போட்டார். பைலட் பிழைத்தான். பெரைரா நிமிர்ந்தார். வெறும் கழுத்தோடு அவரை அதுவரை நான் பார்த்ததில்லை. என்னை நோக்கி வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“இப்போ நின்னுதா, மேன்?”

சத்தமே இல்லை. இருந்தும் என்னால் சொல்ல முடியவில்லை. படியிலிருந்து இறங்கினேன். பக்கவாட்டில் நடந்தேன். விமானத்தின் விலாவில் உள்ளங்கையை வைத்தேன். சுட்டது. எடுக்கவில்லை. உள்ளே, வெகு ஆழத்தில், இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தம் செத்த பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது. கை கொப்பளித்து, அந்தத் துடிப்பு ஓய்ந்து, அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தலையை மட்டும் அசைத்தேன்.

*

நான்காம் நாள் விசாரணை. கூடாரத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பெரைரா உள்ளே போனார். “கேள்வியைத் தவறாகக் கேட்டது நான்தான்” என்று சொல்லிவிட்டு வந்தார். பதில் சொன்னது யாரென்று சொல்லவில்லை. என்னைக் கடந்து போகும்போது தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அடுத்த வாரம் அவரை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

என் முறைக்குக் காத்திருந்தேன். வாய்க்குள் ஒரு வாக்கியத்தை வைத்திருந்தேன். நான்தான் சொன்னேன். பார்க்காமல் சொன்னேன். கேட்காமல் சொன்னேன். வெயில் ஏறியது. உள்ளிருந்து குமாஸ்தா வந்தார்.

“நீ போலாம்பா. உன்னைக் கேக்க வேண்டியது இல்லை.”

“ஏன் சார்?”

“ஆஸ்பத்திரில உங்க மாமனையே கேட்டுட்டாங்க. எவனும் சொல்லலை, நானா அவசரப்பட்டு ஓடினேன்னு சொல்லிட்டான்.”

அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது என்பதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. நிம்மதி. உடம்பெல்லாம் இளகி ஓடியது. வீட்டுக்குப் போய் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, சமைத்து வைத்துவிட்டு, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்.

உத்தரவில்லாமல் போனவன் என்று எழுதி மாமாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். கல்நார் முகமூடி அவர் முகத்தைக் காப்பாற்றியிருந்தது. கைகள் போய்விட்டன. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு துடுப்புகள்போல ஆகிவிட்டன. அன்றிலிருந்து அவர் சட்டைப் பொத்தான்களை அக்காதான் போட்டுவிட்டாள். காலையில் ஐந்து போடுவாள். மாலையில் ஐந்து கழற்றுவாள்.

ஓடுதளத்தில் புல் முளைத்தது. வெள்ளைக்காரர்கள் போனார்கள். அக்காவும் மாமாவும் ஐயப்பன்தாங்கலுக்குக் குடிபோனார்கள். நான் அம்பத்தூர்த் தொழிற்சாலையில் சேர்ந்தேன். ஞாயிறு தவறாமல் சைக்கிளில் போவேன். மாமா அந்த நாளைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆனால் வாசலில் உட்கார்ந்தபடி எதையாவது கேட்பார்.

“மழ நின்னுதா பாரு மச்சான்.”

நான் வெளியே போய் உள்ளங்கையை நீட்டுவேன். உள்ளே வந்து தலையசைப்பேன்.

“கொயா நின்னுதா பாரு மச்சான்.”

குழாயடிக்குப் போய் விரலை வைத்துப் பார்ப்பேன். சும்மா கேட்கிறாரா, குத்துகிறாரா, விளையாடுகிறாரா? அவர் முகத்தில் எதையும் படிக்க முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் சைக்கிளை அந்தத் தெருவில் பயந்துகொண்டேதான் திருப்புவேன். இன்றைக்குக் கேட்டுவிடுவார். இன்றைக்கு அக்காவிடம் சொல்லிவிடுவார். முப்பது வருஷத்து ஞாயிறுகள். அக்கா மீன் குழம்பு ஊற்றுவாள். சாப்பிடுவேன். வருவேன்.

*

போன ஆடி மாதம், ஒரு மத்தியானம் மாமாவின் பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மாமா பாயில் கிடந்தார். மூச்சு இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது. அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சட்டையின் ஐந்து பொத்தான்களும் போட்டிருந்தன.

வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம். என் காதில் எதுவும் விழவில்லை. அக்கா குனிந்து அவர் மூக்கருகே விரலை வைத்தாள். மறுபடி வைத்தாள். அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. என்னைப் பார்த்தாள். அவள் உதடுகளைத்தான் படிக்க வேண்டியிருந்தது. அவள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, நான் படிக்கும்படி சொன்னாள்.

“நின்னுச்சாடா?”

நான் அவள் உதடுகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இந்தத் தடவயாச்சும் நல்லா பாத்துச் சொல்லு.”

அவளுக்குத் தெரியும். என்றைக்கிலிருந்து, யார் சொல்லி, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. மீன் குழம்பு ஊற்றிய அத்தனை ஞாயிறுகளிலும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

முட்டி போட்டு நகர்ந்து போனேன். இரண்டாவது பொத்தானைக் கழற்றினேன். உள்ளே கையை விட்டு, நெஞ்சின் இடது பக்கம் உள்ளங்கையைப் பதித்தேன். கொப்பளம் காய்ந்து தழும்பான அதே கை. சூடு இருந்தது. ஆழத்தில் எங்கோ, விட்டுவிட்டு, ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவசரப்படவில்லை. கையை எடுக்கவில்லை. சூடு மெல்ல இறங்கியது. ஒரு சுற்று. பிறகு வெகு நேரம் ஒன்றுமில்லை. நான் இன்னும் காத்திருந்தேன். என் விரல் நுனிகளில் துடிப்பது என் சொந்த ரத்தம்தான் என்று நிச்சயமாகத் தெரியும்வரை காத்திருந்தேன்.

பிறகு கையை எடுத்து, அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டு, தலையை மட்டும் அசைக்காமல், வாயைத் திறந்து சொன்னேன்.

“நின்னுச்சுக்கா.”